மலை ஏரியில் படகு விடப் போகிறீர்களா?

காட்டுக்கு நடுவே இருக்கும் மலை ஏரியில் துடுப்புப் படகு விடுவதென்றால் காலையிலேயே இறங்கிவிடுங்கள். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகி, பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேல்நோக்கி வீச ஆரம்பிக்கும். காலையில் கண்ணாடி மாதிரி கிடந்த தண்ணீர் மதியத்துக்கு மேல் அலையடிக்கும். கோடையில் இடிமழை வருவதும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

ஆனால் காற்றைவிட நான் அதிகம் பயப்படுவது தண்ணீரின் குளிருக்குத்தான். மேலே வெதுவெதுப்பாக இருக்கிறதே என்று நம்பிவிடாதீர்கள், கொஞ்சம் ஆழத்திலேயே சுரீரென்று இருக்கும். காற்றைவிடத் தண்ணீர் உடல் சூட்டை ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக இழுத்துக்கொள்ளும். திடீரென்று விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு தாறுமாறாக வாங்கும். அப்போது நீந்தப் பார்க்காமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீரானதும் கரைக்கு வரப் பாருங்கள். நன்றாக நீச்சல் தெரிந்தவருக்கும் இதே கதிதான். அதனால் லைஃப் ஜாக்கெட்டைப் படகின் மூலையில் போட்டு வைக்காமல் பட்டையை இறுக்கி மாட்டிக்கொள்ளுங்கள். தோள்பக்கம் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறி வருகிறதா? அது உங்கள் அளவு இல்லை, வேறு கேளுங்கள்.

அப்புறம், நீர் புகாத பையில் ஒரு செட் மாற்றுத் துணி இருக்கட்டும். பருத்தி வேண்டாம், நனைந்தால் லேசில் காயாது.