பெரட்டுக்களத்திலிருந்து தொடங்கும் ஆங்கிலம்

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ஆங்கிலம் படிக்கத் தொடங்குகிறவரிடம் ஏற்கெனவே நிறையச் சொற்கள் இருக்கின்றன. காலையில் வேலைக்குக் கூடும் பெரட்டு என்பது ‘பரேட்’. வரிசை வீடுகளான லயம் என்பது ‘லைன்’. வருகைப் பதிவான செக்ரோல், டிவிஷன், பெக்டரி எல்லாம் தினமும் வாயில் புழங்குபவை. முதல் நாள் இப்படி முப்பது சொற்களை எழுதி, போனில் உள்ள அகராதியில் ஒவ்வொன்றின் உச்சரிப்பையும் மூன்று தரம் கேட்டு, கூடவே சொல்லிப் பாருங்கள்.

கொப்பியில் ஆங்கிலத்தை ஆங்கில எழுத்திலேயே எழுத வேண்டும். இங்கே தமிழ் எழுத்தில் காட்டுவது வாசிக்க வசதியாக மட்டுமே. முதுகு, பை, சாமான் கட்டுவது ஆகிய மூன்றின் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் எழுதினால் ‘பேக்’ என்றே வரும். அப்படி எழுதிப் படித்தால் நாக்கும் மூன்றையும் ஒன்றாக்கிவிடும். மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை உதட்டுக்கு இரண்டு விரல் தள்ளிப் பிடித்துச் சொல்லுங்கள்: சாமான் கட்டும் ‘பேக்’குக்குக் கடதாசி ஆட வேண்டும், மற்ற இரண்டுக்கும் அநேகமாக ஆடாது.

அடுத்தது மரியாதை. தமிழில் அது ‘வாங்க, இருங்க’ என்று வினையின் வாலிலேயே ஒட்டியிருக்கிறது. ஆங்கில வினைக்கு அந்த வால் இல்லை. அதனால் ‘இருங்க’ என்று நினைத்துக்கொண்டு ‘வெயிட்’ என்று மட்டும் சொன்னால், கேட்பவருக்கு அதட்டலாகப் படும். மரியாதையை வாக்கியத்தின் தலையில் வையுங்கள்: ‘குட் யூ வெயிட் எ மினிட், ப்ளீஸ்?’, ‘வுட் யூ லைக் சம் டீ?’ இந்த இரண்டு தொடக்கங்களும் பழகிவிட்டால் கடை, ஆஸ்பத்திரி, கந்தோர் எங்கேயும் கைகொடுக்கும். சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் வாக்கியத்தோடு பிடிக்கச் சொல்வது இதனால்தான்.

ஆஸ்பத்திரியில் ‘எனக்கு ரெண்டு நாளா காய்ச்சல்’ என்பதை அப்படியே மாற்றினால் ‘சின்ஸ் டூ டேஸ்’ என்று வந்துவிடும். அது பிழை. எத்தனை நாள் என்றால் ‘ஃபோர்’, எந்த நாளிலிருந்து என்றால் ‘சின்ஸ்’: ‘ஐவ் ஹேட் எ ஃபீவர் ஃபோர் டூ டேஸ்’, ‘சின்ஸ் மண்டே’. ‘போயிட்டு வாறேன்’ என்பதையும் சொல்லுக்குச் சொல் மாற்ற வேண்டாம். வெளிநாட்டவர் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று காத்திருப்பார். ‘சீ யூ லேட்டர்’ போதும்.

எல்ல, ஹப்புத்தளை, நுவரெலியா பக்கம் உல்லாசப் பயணிகளோடு பேசுகிறவர்களுக்குத் தேயிலை ஆங்கிலம் முக்கியம். கொழுந்து பறிப்பது ‘ப்ளக்கிங்’, கவ்வாத்து ‘ப்ரூனிங்’, இரண்டு இலையும் மொட்டும் ‘டூ லீவ்ஸ் அண்ட் எ பட்’. பெக்டரியில் வாட்டுவது ‘விதரிங்’, அரைப்பது ‘ரோலிங்’. பீ.ஓ.பீ. என்ற தேயிலைத் தரம் ‘ப்ரோக்கன் ஆரஞ்ச் பீக்கோ’. தோடம்பழச் சுவையா என்று பலர் கேட்பார்கள். ‘நோ, இட்ஸ் த நேம் ஆஃப் த கிரேட்’ என்று சொல்லுங்கள். மழை நாளில் ‘வாட்ச் யோர் ஸ்டெப்’, அட்டை கடிக்கும் இடத்தில் ‘மைண்ட் த லீச்சஸ்’.

ஆண்டைப் பெரும்பாலும் இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்துச் சொல்வார்கள். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலை பயிரிட்ட 1867, ‘எய்ட்டீன் சிக்ஸ்டி செவன்’. 13க்கும் 30க்கும் தடுமாறாதவர் குறைவு. ‘தர்ட்டீன்’ என்பதில் கடைசியை நீட்டி அழுத்துங்கள். ‘தர்ட்டி’யில் முன்னால் அழுத்தி, கடைசியைச் சட்டென்று விடுங்கள். கிலோக் கணக்கும் ரயில் நேரமும் இதில்தான் பிசகும்.

நாளுக்கு ஐந்து வாக்கியம், பதினைந்து நிமிடம் போதும். ஒரே நாளில் ஐம்பது எழுதினால் அடுத்த கிழமை ஐந்துகூட மிஞ்சாது. 1970களில் ஜெர்மனியில் செபஸ்டியன் லைட்னர் பரப்பிய பெட்டி முறையைச் சுருக்கிப் பயன்படுத்தலாம். காலித் தேயிலைப் பெட்டி மூன்று எடுங்கள். ஒரு துண்டு மட்டையில் முன்பக்கம் தமிழ், பின்பக்கம் ஆங்கில வாக்கியம். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கொரு தரம், மூன்றாவதைக் கிழமைக்கொரு தரம் பாருங்கள். சரியாகச் சொன்னால் மட்டை அடுத்த பெட்டிக்கு. தவறினால் முதலாவதுக்கே திரும்பும். சத்தமாகச் சொல்ல வேண்டும். மனதுக்குள் வாசித்தது வாய்க்கு வராது.

புரியாத நேரத்தில் தலையாட்டிவிடுவதுதான் பேச்சை முறித்துவிடுகிறது. அதனால் முதல் இரண்டு மட்டைகளில் இவற்றையே எழுதுங்கள்: ‘சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?’, ‘குட் யூ ஸ்பீக் எ லிட்டில் மோர் ஸ்லோலி, ப்ளீஸ்?’