கப்பலை விட்டு இறங்கி மலை ஏற: காலை 7.10 ரயிலிலிருந்து பின்னோக்கி ஒரு கணக்கு

கொச்சியிலோ சென்னையிலோ சொகுசுக் கப்பலை விட்டு இறங்கி, அங்கிருந்து ரயிலேறி ஊட்டி, குன்னூர் வர நினைப்பவர்கள் பெரும்பாலும் கணக்கைக் கப்பலிலிருந்து தொடங்குகிறார்கள். "ஏழு மணிக்குக் கப்பல் வருகிறது, ஒன்பது மணி ரயிலைப் பிடித்துவிடலாம்" என்று. கணக்கை அந்த முனையில் தொடங்கினால் எங்கோ ஓர் இடத்தில் உதைக்கும். மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்குக் கிளம்பும் மலை ரயில்தான் இந்தப் பயணத்தில் வளைந்து கொடுக்காத ஒரே புள்ளி. சீசனில் சிறப்பு ரயில் விட்டாலொழிய, கீழிருந்து மேலே வருவது நாளுக்கு அது ஒன்றுதான். அதை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து கப்பலைத் தொடுங்கள்.

அப்படிப் பார்த்தால் முதலில் தெரிவது இதுதான்: எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும், இறங்கிய அன்றே மலை ரயிலில் ஏற முடியாது. நடுவில் ஓர் இரவு கட்டாயம். அந்த இரவை எங்கே கழிப்பது என்பதுதான் திட்டம்.

கரையில் கால் வைக்கும் நேரம்

கப்பல் நிறுவனம் தரும் அட்டவணையில் இருப்பது கப்பல் துறைமுகம் சேரும் நேரம். நீங்கள் வெளியே ஆட்டோ பிடிக்கும் நேரம் வேறு. துறைமுகத்துக்குள் வழிகாட்டும் பைலட் ஏறி, கப்பலைக் கொண்டுவந்து கட்டி, அதிகாரிகள் அனுமதி கொடுத்த பிறகுதான் படிப்பாலம் திறக்கும். அதன்பிறகும் எல்லோரையும் ஒரே நேரத்தில் விடமாட்டார்கள். தளம் வாரியாக, பை அட்டையின் நிறம் வாரியாக அழைப்பார்கள். 7 மணிக்குச் சேரும் கப்பல் என்றால் முதல் ஆள் இறங்க 8 ஆகும், கடைசி ஆள் இறங்க 10 ஆகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை போன்ற வெளிநாட்டுத் துறைமுகம் தொட்டு வந்த கப்பல் என்றால் இமிகிரேஷன், கஸ்டம்ஸ் வரிசைக்கு இன்னும் ஒரு மணி நேரம். துறைமுக வளாகத்துக்குள் வாடகை வண்டியை விடாத இடங்களில் வாசல் வரை நிறுவனத்தின் பஸ்ஸுக்கும் காத்திருக்க வேண்டும்.

எங்கள் கணக்கு: கப்பல் சேரும் நேரத்தோடு ஐந்து மணி நேரம் கூட்டி, அதற்குப் பிறகு வரும் ரயிலைத்தான் பதிவு செய்வது. நான்கு மணி நேரம் போதும் என்பவர்கள் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்காள விரிகுடாவில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகும் மாதங்களில் அந்தப் பேச்சு செல்லாது.

கடைசி இரவு கவனிக்க வேண்டியது இரண்டு. பெரிய பெட்டிகளை அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். அவை தனியாக இறக்கப்பட்டு, டெர்மினலில் குவியலில் கிடக்கும். அந்தக் குவியலில் உங்கள் பெட்டியைத் தேடுவதுதான் பலருக்கு முக்கால் மணி நேரத்தைத் தின்கிறது. பெட்டியை நீங்களே இழுத்துக்கொண்டு இறங்குவதாக முன்கூட்டியே வரவேற்பறையில் சொல்லிவிட்டால், முதல் கூட்டத்தோடு இறங்க வாய்ப்பு கிடைக்கும். வாசலில்தான் வைக்கப் போகிறீர்கள் என்றால் மருந்து, அசல் அடையாள அட்டை, ஸ்வெட்டர் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். இரண்டாவது, கப்பல் கணக்கை இரவே தீர்த்துவிடுங்கள். வெளிநாட்டுப் பயணத்தில் பாஸ்போர்ட்டைக் கப்பல்காரர்கள் வாங்கி வைத்திருந்தால் அது எப்போது, எங்கே திரும்பக் கிடைக்கும் என்றும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் அந்த மேஜை முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்தால் புரியும்.

நடுக்கடலில் தட்கல் கிடையாது

ரயில் டிக்கெட் விஷயத்தில் கப்பல் பயணிகள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. தட்கல் பதிவு ரயில் கிளம்பும் நாளுக்கு முந்தைய நாள் திறக்கும்: ஏசி வகுப்புக்குக் காலை 10 மணி, ஏசி இல்லாத வகுப்புக்கு 11 மணி. அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்? கடலில். செல்போனில் சிக்னல் இருக்காது. கப்பலின் வைஃபை வாங்கினாலும் ஓ.டி.பி. குறுஞ்செய்தி வராது. ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பும் 2025 ஜூலையிலிருந்து கட்டாயம். ஆகவே தட்கலை நம்பிக் கப்பல் ஏறாதீர்கள்.

வெயிட்டிங் லிஸ்ட்டும் அப்படியே. சார்ட் போடும்போது உறுதியாகாத ஆன்லைன் டிக்கெட் தானாக ரத்தாகிவிடும். அந்தச் செய்தி கரைக்கு வந்து சிக்னல் கிடைத்த பிறகுதான் உங்களுக்கு வரும்.

முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் திறக்கிறது. கப்பல் தேதி உறுதியானதும் காலண்டரில் அந்த நாளைக் குறித்து வையுங்கள். முதலில் மலை ரயில், பிறகு அதற்கு முந்தைய இரவு ரயில் என்ற வரிசையில் பதிவு செய்யுங்கள். மலை ரயிலில் இருக்கைகள் குறைவு. ஏப்ரல், மே விடுமுறைக்குக் கண் மூடித் திறப்பதற்குள் போய்விடும். ஊட்டி ஸ்டேஷனின் பெயர் உதகமண்டலம், குறியீடு யு.ஏ.எம். மேட்டுப்பாளையம் எம்.டி.பி., குன்னூர் ஓ.என்.ஆர்.

கரையில் இருக்கும் ஒருவரிடம், தம்பியோ மகளோ யாராக இருந்தாலும், பி.என்.ஆர். எண்களையும் கப்பலின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். கப்பல் தாமதம் என்று தெரிந்தால் டிக்கெட்டை ரத்து செய்யவோ வேறு ரயில் பார்க்கவோ அவரால்தான் முடியும். ரத்து செய்வதை எவ்வளவு தள்ளிப் போடுகிறோமோ அவ்வளவு பிடித்தம் ஏறும். உறுதியான தட்கல் டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்தால் ஒன்றுமே திரும்பாது.

இன்னொன்று. ரயிலுக்கு ரயில் மாறுகிறவர்கள் இரண்டு பி.என்.ஆரையும் பதிவின்போது இணைத்துக்கொள்ளலாம். முதல் ரயில் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், போகாத பகுதிக்குப் பணம் கேட்க வழி உண்டு. கப்பலுக்கு அந்தச் சலுகை கிடையாது. கப்பல் பத்து மணி நேரம் தாமதமாக வந்தாலும் ரயில்வேக்கு அது உங்கள் சொந்தத் தாமதம்.

சென்னையில் இறங்கினால்

தூரம் அதிகம், ஆனால் கொச்சியைவிட இதுதான் சுலபம் என்பது எங்கள் அபிப்பிராயம். துறைமுகத்திலிருந்து சென்ட்ரல் பக்கம்தான். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்ட்ரலில் இரவு 9.05க்குக் கிளம்பி மறுநாள் காலை ஆறேகால் வாக்கில் மேட்டுப்பாளையம் சேர்கிறது. அதே ஸ்டேஷனிலிருந்து 7.10க்கு மலை ரயில். கட்டாயமான அந்த ஓர் இரவு ரயிலிலேயே கழிந்துவிடுகிறது, லாட்ஜ் செலவு இல்லை. காலையில் இறங்கினீர்கள் என்றால் பகல் முழுவதும் கையிருப்பு நேரம். கப்பல் அரைநாள் தாமதமானாலும் ரயில் தப்பாது. நேரங்கள் மாறக்கூடியவை, கிளம்பும் முன் ரயில்வே விசாரணை எண் 139இல் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பகலில் பெட்டிகளைச் சென்ட்ரல் கிளோக் ரூமில் போடலாம். பூட்டு இல்லாத பெட்டியை வாங்கமாட்டார்கள். ஜிப்புக்குச் சின்னப் பூட்டு ஒன்று வாங்கி வைத்திருங்கள். டிக்கெட்டையும் கேட்பார்கள்.

நீலகிரி எக்ஸ்பிரஸில் இடம் இல்லை என்றால் அடுத்தது சேரன் எக்ஸ்பிரஸ். அது கோயம்புத்தூரோடு நின்றுவிடும். மலை ரயிலுக்கு ஒத்துவராது. அதில் வருகிறவர்கள் பஸ்ஸில் மலை ஏறுவதாகவே வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் ஊட்டி பஸ் பிடிக்க மேட்டுப்பாளையம் ரோட்டில் உள்ள புது பஸ் ஸ்டாண்டுக்குப் போக வேண்டும்.

நீலகிரி எக்ஸ்பிரஸ் கொஞ்சம் தாமதமானால் மலை ரயிலை நிறுத்தி வைப்பதும் உண்டு. நடந்தால் நல்லது, திட்டத்தில் அதைச் சேர்க்காதீர்கள்.

கொச்சியில் இறங்கினால்

கப்பல் நிற்பது வில்லிங்டன் தீவில். அங்கே 2021இல் திறந்த சாகரிகா டெர்மினல் இருக்கிறது. தீவிலேயே ஹார்பர் டெர்மினஸ் என்ற பழைய ஸ்டேஷன் மேப்பில் தெரியும். அதைப் பார்த்து ஏமாற வேண்டாம், பயணிகள் ரயில் அங்கிருந்து ஓடுவதில்லை. பாலம் கடந்து எர்ணாகுளம் போக வேண்டும். தூரம் சில கிலோமீட்டர்தான், ஆனால் காலை அலுவலக நேரத்தில் அந்தப் பாலமும் தேவரா பக்கமும் நகராது. முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

எர்ணாகுளத்தில் இரண்டு பெரிய ஸ்டேஷன்கள். ஜங்ஷனை ஊர்க்காரர்கள் 'சவுத்' என்பார்கள், டவுனை 'நார்த்' என்பார்கள். எல்லா ரயிலும் இரண்டிலும் நிற்பதில்லை. டிக்கெட்டில் இ.ஆர்.எஸ். என்றால் சவுத், இ.ஆர்.என். என்றால் நார்த். ஆட்டோக்காரரிடம் "ஸ்டேஷன்" என்று மட்டும் சொன்னால் அவர் சவுத்தில் இறக்கிவிடுவார், உங்கள் ரயில் நார்த்தில் நிற்கும். இறங்கும் இடத்தையும் பாருங்கள்: சில ரயில்கள் கோவை ஜங்ஷனுக்குள் வராமல் போத்தனூர் வழியாகவே போய்விடும்.

கோவை வரை ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஒன்பது மணி வாக்கில் கிளம்பும் பெங்களூரு இன்டர்சிட்டியைப் பார்த்து ஆசைப்படாதீர்கள், ஏழு மணிக் கப்பலுக்கு அது எட்டாது. பிற்பகல் ரயில்தான் சரி. மாலையோ முன்னிரவோ கோவை சேர்ந்து, அன்றிரவே மேட்டுப்பாளையம் போய்த் தங்குங்கள். கோவையில் தங்கிவிட்டுக் காலையில் மெமு (குறுந்தூர மின்சார ரயில்) பிடித்து 7.10ஐப் பிடிக்கலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நேரத்துக்கு மெமு உதவாது. விடிகாலை ஐந்து மணி சுமாருக்குக் கோவை வரும் நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறலாம். இல்லையென்றால் ஐந்து மணிக்கு டாக்சி. கப்பலில் நாலு நாள் தூங்கி எழுந்தவர்களை ஐந்து மணிக்குக் கிளப்புவது அவ்வளவு எளிதில்லை.

மலை ரயிலுக்குள் பெட்டி

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். கல்லாறு தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல்சட்டம் தொடங்கும். இன்ஜினின் பல்சக்கரம் அதில் பற்றி ஏறும். 12.5 அடிக்கு ஓர் அடி ஏற்றம். இன்ஜின் பின்னாலிருந்து தள்ளுவதால் முன் பெட்டிக்கு மறைப்பே இல்லை. ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் பிரேக்மேன் ஒருவர் கொடியோடு நிற்பார்.

ரயில் பெட்டிகள் மீட்டர் கேஜ் (ஒரு மீட்டர் அகலத் தண்டவாளம்), குறுகலானவை. எதிரெதிர் பெஞ்சு, முழங்கால் முட்டும். கப்பலுக்கென்று வாங்கிய 28 அங்குலச் சூட்கேஸை வைக்க இடமே இல்லை. மேலே தூக்கிப் போடவும் முடியாது, கீழே தள்ளவும் முடியாது. ஒரு குடும்பத்துக்கு அப்படி இரண்டு பெட்டி என்றால், ஒருவர் பெரிய பெட்டிகளோடு டாக்சியில் மேலே போய்விடுவது நல்லது. அவர் எப்படியும் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருப்பார். வெளியூர் வண்டிக்கு நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் வேண்டும், இலவசம்தான். 2025 சீசனில் நாளுக்கு 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் வருகிறவர்களுக்கு இ-பாஸ் தேவையில்லை.

கப்பலில் கொடுத்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிடுங்கள். மாவட்டத்துக்குள் அவை தடை, பிடித்தால் அபராதம். எவர்சில்வர் பாட்டில் ஒன்று போதும். ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் பிடிக்க நிற்கும்போது கையில் தின்பண்டத்தோடு இறங்காதீர்கள். குரங்குகள் உங்களைவிட அனுபவசாலிகள்.

மண் சரிந்தால்

வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு–குன்னூர் நடுவே மண்ணோ பாறையோ சரிந்து ரயில் ரத்தாவது ஆண்டுதோறும் நடப்பது. ரயில்வே ரத்து செய்தால் கட்டணம் முழுவதும் திரும்பும். அதற்காக மேட்டுப்பாளையத்தில் உட்கார்ந்து புலம்ப வேண்டாம். பஸ்ஸில் குன்னூர் போய், அங்கிருந்து ஊட்டிக்கு ரயில் ஏறுங்கள். குன்னூர்–ஊட்டி நடுவே பகலில் சில நடை ஓடுகிறது. கீழ்ப்பகுதி மூடியிருக்கும்போதும் மேல்பகுதி பெரும்பாலும் ஓடும். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று பார்க்க வேண்டியது அந்தப் பாதையிலும் நிறைய.

பஸ் என்றால் குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவு. கப்பலை விட்டு இறங்கி ஓரிரு நாள் வரை தரை ஆடுவதுபோல் இருப்பவர்களுக்கு இதில் தலை சுற்றும். கப்பலுக்கென்று டாக்டர் கொடுத்த வாந்தி மாத்திரை மிச்சமிருந்தால் பஸ் ஏற அரை மணி நேரம் முன்னாலேயே போட்டுக்கொண்டு, முன்வரிசையில் உட்காருங்கள்.

பழனி மலைப் பக்கம், கொடைக்கானல் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவையில்லை. கொடைக்கானல் ரோடு ஸ்டேஷனோடு ரயில் முடிந்தது. மேலே சுமார் 80 கிலோமீட்டர் சாலைதான். வெளியூர் வண்டிக்கு அங்கேயும் இ-பாஸ் உண்டு. கோத்தகிரி போகிறவர்களும் 7.10க்காக ஓட வேண்டியதில்லை. மேட்டுப்பாளையத்தில் இறங்கி, சாவகாசமாக ஒரு டீ குடித்துவிட்டுக் கோத்தகிரி பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம்.