ரிப்போர்ட் ஜாப் இடமில்லாமல் நின்றால் பிழைக் குறியீட்டின் முதல் எழுத்தைப் பாருங்கள்

மெயின்ஃபிரேமில் (பெரிய நிறுவனங்களின் மையக் கணினியில்) ரிப்போர்ட் ஜாப் டிஸ்கில் இடம் போதாமல் நின்றால், ஜேசிஎல்லில் (ஜாபை ஓட்டும் கட்டளைகளில்) இடத்தை இரட்டிப்பாக்கி உடனே மறுபடி ஓட்டாதீர்கள். ஜாப் லாகில் வந்திருக்கும் பிழைக் குறியீடு டி37-ஆ, பி37-ஆ, இ37-ஆ என்று முதலில் பாருங்கள்.

டி37 என்றால் முதலில் ஒதுக்கிய இடம் தீர்ந்துவிட்டது, கூடுதல் இடம் கேட்கப்படவே இல்லை. ஜேசிஎல்லின் ஸ்பேஸ் பாராமீட்டரில் இரண்டாவது எண்ணை, அதாவது கூடுதல் இடத்தின் அளவைச் சேர்த்தால் பெரும்பாலும் போதும். பி37 வேறு விஷயம்: கூடுதல் இடம் கேட்டிருந்தும் வால்யூம் (டிஸ்க்) நிரம்பிவிட்டது, அல்லது சாதாரண கோப்புக்கான 16 எக்ஸ்டென்ட் (டிஸ்கில் ஒதுக்கும் இடத்துண்டுகள்) முடிந்துவிட்டது. வால்யூம் நிரம்பியிருந்தால் இன்னொரு வால்யூம் கொடுங்கள். எக்ஸ்டென்ட் முடிந்திருந்தால் முதல் ஒதுக்கீட்டைப் பெரிதாக்குங்கள். இ37 பெரும்பாலும் பிடிஎஸ்ஸில்தான் (மெம்பர் எனப்படும் பல உள்கோப்புகளை வைக்கும் கோப்பில்) வரும். அதில் அழித்த, திருத்திய மெம்பர்களின் பழைய இடம் தானாகத் திரும்பக் கிடைக்காது. கம்ப்ரஸ் செய்து அந்த இடத்தை மீட்டாலே பல நேரம் சரியாகிவிடும், ஜேசிஎல்லைத் தொடவே வேண்டாம்.

மெயின்ஃபிரேமின் இன்னொரு கோப்பு வகையான வீசாம் கோப்புகளுக்கு இது பொருந்தாது. அங்கே ஜாப் லாகில் ஐஇசி070ஐ (IEC070I) என்ற செய்தியைத் தேடுங்கள். அப்புறம், சில ஆயிரம் வரி எழுதும் ரிப்போர்ட் திடீரென்று லட்சக்கணக்கில் எழுதியிருந்தால் புரோகிராம் லூப்பில் சிக்கியிருக்கலாம். அதற்கு எவ்வளவு இடம் கொடுத்தாலும் பற்றாது.