பட்டறையில் யார் சொல்வது செல்லும்?

காளஹஸ்தியில் கலம்காரிப் (துணியில் கையால் வரைந்து சாயமேற்றும் ஓவியம்) பட்டறை தொடங்குகிறவர்கள், ஆள் சேர்க்கும் முன்பே எந்தக் கட்டத்தில் யார் பேச்சு எடுபடும் என்று தீர்மானித்துவிட வேண்டும்.

கரிக்கோட்டில் உருவம் நிற்கும்வரை எல்லோரையும் பேசவிடுங்கள். நேற்றுச் சேர்ந்த பையனும், "அண்ணா, ராமர் கை குட்டையாக இருக்கிறது" என்று சொல்லலாம். தட்டினால் கரி போய்விடும். கறுப்பு ஏறிவிட்டால் கதை வேறு. வெல்லமும் இரும்பும் ஊறிய அந்த நீர், கடுக்காயும் பாலும் குடித்த துணியைத் தொட்டதும் பிடித்துக்கொள்ளும். அழிக்க வழியில்லை. ஆகவே கலம் என்கிற வரைகோலைப் பிடிப்பவர் வைத்ததே அங்கே சட்டம். முதலாளியே ஆனாலும் பின்னால் நின்று யோசனை சொல்லக் கூடாது. (சொல்லாமல் இருக்க முடியாதவர்கள் டீக்கடைக்குப் போய்விடுவது நல்லது.)

படிகாரம், கொதிநீர், பொன்முகலி ஆற்றில் அலசுவது எல்லாம் சாயக்காரர் பொறுப்பு. ஓவியர் மூத்தவர் என்பதற்காக அடுப்படியிலும் அவரே நாட்டாமை செய்தால் துணி கெடும், இருவருக்கும் பேச்சுவார்த்தையும் நின்றுபோகும்.

வாடிக்கையாளர் விவகாரம்தான் பெரும் தலைவலி. சென்னையிலிருந்து ஒருவர் போன் செய்து, "மயில் தோகையை விரித்துவிடுங்கள்" என்பார். போனை எடுத்தவர் சரி என்று தலையாட்டிவிடக் கூடாது. மாற்றமெல்லாம் ஒரே ஆளிடம் போகட்டும். அவர் நோட்டில் தேதி போட்டு எழுதி, துணியைப் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லட்டும். கறுப்பு ஏறியிருந்தால் புதுத் துணி, புது விலை. அதைப் பேசுவது முதலாளியின் வேலை.