பழைய டிராக்டரில் லிஃப்ட் தூக்காமல் திணறியது: என் அனுபவம்

கலப்பையை மாட்டி லிவரை இழுத்தால், ஆயில் அழுத்தத்தில் அதைத் தூக்கும் லிஃப்ட் விட்டு விட்டுத்தான் ஏறும். பம்ப் பக்கம் ஒரு கீச்சுச் சத்தம் வேறு. நாள்கணக்கில் இதோடு மல்லுக்கட்டினேன். ஆயில், ஃபில்டர் மாற்றியும் அதே கதை. சிலிண்டர் சீல் போயிருக்குமோ என்று கலப்பையைத் தூக்கி இன்ஜினை அணைத்துப் பார்த்தேன்; இறங்கவே இல்லை, ஆக சீல் நன்றாகத்தான் இருந்தது. அழுத்தம் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பிவிடும் ரிலீஃப் வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்ததிலும் பலனில்லை. பம்பையே மாற்றச் சொன்னார்கள்.

டிப் ஸ்டிக்கைக் காலையில் பார்த்தால் ஆயில் தெளிவாக இருக்கும். ஒருமுறை வேலை முடிந்த கையோடு உருவிப் பார்த்தால் ஒரே நுரை! பம்ப் காற்றை இழுக்கிறது. வண்டி நின்றால் நுரை அடங்கிவிடுவதால் காலையில் தெரியாது.

வெளியே ஒரு சொட்டுக் கசிவும் இல்லை. பம்ப் ஆயிலை உறிஞ்சும் சக்‌ஷன் பைப்பின் மேல் இணைப்பு ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. அங்கே ஆயில் வெளியே வராது, காற்றுதான் உள்ளே போகும். சந்தேகத்துக்கு அந்த இணைப்பில் கொஞ்சம் கிரீஸ் அப்பினேன். சத்தம் உடனே குறைந்தது. கழற்றினால் உள்ளே ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் தட்டையாகி, கல்லாக இறுகிக் கிடந்தது. புதியது போட்டேன். லிஃப்ட் இப்போது ஒரே மூச்சில் ஏறுகிறது.