தரையை உடைப்பதற்கு முன் செய்ய வேண்டியவை

குழாய் வேலையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். தளத்துக்கு அடியில் கசிகிறது என்று கூப்பிடுகிறார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பல வீடுகளில் யாராவது கடப்பாரையை இறக்கியிருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் வலிக்கிறது. ஓதம் தெரிகிற இடமும் குழாய் கசிகிற இடமும் பெரும்பாலும் ஒன்றல்ல. கான்கிரீட்டுக்குக் கீழே நீர் சரிவைப் பிடித்துக்கொண்டு ஓடி, விரிசல் கிடைத்த இடத்தில்தான் தலைகாட்டும். ஒரு வீட்டில் கூடத்து மூலையில் உப்புப் பூத்துச் சுவர் உதிர்ந்துகொண்டிருந்தது. கசிவு இருந்ததோ பதினோரு அடி தள்ளி, குளியலறை வாசலுக்குக் கீழே.

முதலில் கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டியைப் பாருங்கள். அதில் கொஞ்சம் உணவு வண்ணத்தைக் கலந்து அரை மணி நேரம் தொடாமல் விடுங்கள். பீங்கானில் நிறம் இறங்கியிருந்தால் தொட்டியின் அடி ரப்பர்தான் கசிகிறது, தரை பாவம்.

அடுத்து மீட்டர். இரவில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரத்தில் 20 லிட்டர் ஓடியிருந்தால் ஒரு நாளைக்கு 240 லிட்டர் மண்ணுக்குள் போகிறது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து நீர் வரும் வீடானால், தொட்டிக்கு ஏறும் வழியை அடைத்து, உள்சுவரில் நீர்மட்டத்துக்குக் கோடு போட்டுவிட்டுக் காலையில் பாருங்கள்.

கசிவு உறுதியானதும் வெந்நீர்க் கொதிகலனுக்குள் போகும் வால்வை மூடுங்கள். மீட்டர் நின்றுவிட்டால் ஓட்டை வெந்நீர்க் குழாயில். சூட்டில் விரிந்தும் சுருங்கியும் கான்கிரீட்டில் உராய்ந்து தேய்வதால் அந்தக் குழாய் அடிக்கடி பழுதாகும். வால்வைத் திரும்பத் திறந்து, விடியற்காலையில் வெறுங்காலுடன் அறை அறையாக நடங்கள். ஒரு சமையலறையில் ஒரே ஓடு மட்டும், பூனை படுத்து எழுந்த இடம்போல வெதுவெதுப்பாக இருந்தது. கசிவு அதன் நேர் கீழே.

மீட்டர் நிற்காமல் ஓடி, ஓட்டை குளிர்ந்த நீர்க் குழாயில் என்றால் காதுதான் கருவி. மின்விசிறி, குளிர்பெட்டி எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நீளமான திருப்புளியின் முனையைத் தரையில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் அழுத்துங்கள். அழுத்தத்தில் பீறிடும் நீர் 'ஸ்ஸ்' என்று சீறும். ஓசை கூடும் பக்கம் நகர்ந்து, அதிகமான இடத்தில் சுண்ணக்கட்டியால் குறியிடுங்கள். பிளாஸ்டிக் குழாயில் ஓசை சீக்கிரம் மங்கிவிடும். அப்போது 5 சதவீத ஹைட்ரஜனும் 95 சதவீத நைட்ரஜனும் கலந்த வாயுவைக் குழாயில் செலுத்தி, தரைமேல் உணரியால் தேடுபவர்களைக் கூப்பிடுவதே சரி.

கழிவுநீர்க் குழாய் வேறு கதை. அதில் அழுத்தம் இல்லை. மீட்டரும் அசையாது, ஓசையும் வராது. வெளித்தொட்டிப் பக்கத்து வாயை அடைத்து, குளியலறை வடிகால் வரை நீர் நிரப்பிப் பென்சிலால் கோடு போடுங்கள். ஒரு மணி நேரத்தில் கோட்டுக்குக் கீழே இறங்கினால் கசிவு உண்டு.

தரையில் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அடியில் வியர்க்கிறதா என்று பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். மண் ஈரத்துக்கும் அது வியர்க்கும். அதை மட்டும் நம்பி உடைக்காதீர்கள்.

குறியிட்ட இடத்தை மறுநாள் இரவு மீண்டும் கேட்டுப் பார்ப்பேன். இரண்டு குறியும் ஒரே ஓட்டில் விழுந்து, கீழே மின்கம்பி ஓடவில்லை என்று தெரிந்த பிறகே உளியை எடுப்பேன். குழாய் பல இடங்களில் அரித்திருந்தால் அதையும் செய்வதில்லை. பழைய குழாயை அடைத்துவிட்டுச் சுவர் வழியாகப் புதுக் குழாய் இழுத்துவிடுகிறேன்.