அகச்சிவப்பு ஃபிலிம்: காசைக் கரைக்கும் தவறுகள்

வெள்ளை இலையும் கறுப்பு வானமுமாக நாலு படங்களைப் பார்த்துவிட்டு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதியும் அகச்சிவப்பு ஃபிலிமில் இறங்குகிறவர்கள், ஒருவர் பின் ஒருவராக அதே குழிகளில்தான் விழுகிறார்கள். ஃபிலிம் ஸ்பூலில் மாட்டாமல் போவது, லென்ஸ் மூடியோடு படமெடுப்பது இதெல்லாம் எந்த ஃபிலிமிலும் நடக்கும். அவற்றை விட்டுவிடலாம். கீழே சொல்பவை 35 மி.மீ. ரோலை இன்ஃப்ராரெட் 400 ஃபிலிம், ஹோயா ஆர்72 ஃபில்டர் (720 நானோமீட்டர்) என்ற இணையை வைத்துச் சொல்பவை. புதிதாகத் தொடங்க அதுவே போதும்.

ஃபிலிமுக்குத் தெரியாத ஒளியை விடும் ஃபில்டர்

எரிச்சலூட்டும் தவறு இதுதான். கடையில் 720, 760, 850, 950 என்று நான்கு ஃபில்டர்கள் ஒரே பெட்டியில் மலிவாகக் கிடைக்கும். எண் கூடினால் விளைவும் கூடும் என்று நினைத்து 850ஐ மாட்டி ஒரு ரோல் முழுக்க எடுத்துவிடுகிறார்கள். கழுவினால் கண்ணாடி மாதிரி வெறும் ஃபிலிம். உடனே டெவலப்பர் (ஃபிலிம் கழுவும் ரசாயனம்) மேல் பழி. புது டெவலப்பர், இன்னொரு ரோல், மறுபடி அதே வெறுமை.

கணக்கு எளிது. ஃபில்டரில் உள்ள எண், ஒளி எந்த அலைநீளத்திலிருந்து உள்ளே வரும் என்பதைச் சொல்கிறது. ஃபிலிமுக்கும் ஒரு எல்லை உண்டு. ரோலை இன்ஃப்ராரெட் 400 ஏறக்குறைய 820 நானோமீட்டர் வரை பார்க்கும், அதுவும் எல்லையை நெருங்க நெருங்க மங்கிக்கொண்டே போகும். இல்ஃபோர்ட் எஸ்எஃப்எக்ஸ் 200க்கு எல்லை 740தான். 850 ஃபில்டர் திறக்கும் இடத்தில் இரண்டுமே குருடு. எஸ்எஃப்எக்ஸில் ஆர்72 மாட்டினாலும் 720க்கும் 740க்கும் நடுவே ஒரு குறுகிய சந்துதான் மிஞ்சும். படம் வரும், ஆனால் ஒளி தாராளமாகக் கொடுக்க வேண்டும். எச்பி5 போன்ற சாதாரணக் கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் ஆர்72 மாட்டுவது வீண்.

பழைய புத்தகங்களும் இதில் கெடுக்கின்றன. கோடாக் எச்ஐஇ சுமார் 900 வரை பார்த்த ஃபிலிம். அதில் 87சி போன்ற கடும் ஃபில்டர் வேலை செய்தது. 2007இல் அதன் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள், குறிப்புகள் மட்டும் இன்னும் சுற்றுகின்றன.

டிவி ரிமோட்டை ஃபில்டருக்குப் பின்னால் வைத்து, செல்போன் கேமராவில் புள்ளி தெரிகிறதா என்று பார்த்து ஃபில்டரைச் சோதிப்பவர்கள் உண்டு. ரிமோட் வீசுவது பெரும்பாலும் 940 நானோமீட்டர் ஒளி. 720, 850 இரண்டுமே அதை விட்டுவிடும். எனவே அது எதையும் நிரூபிக்காது. வெயில் விழும் சுவரை ஃபில்டர் வழியே பாருங்கள் (சூரியனை அல்ல). ஆர்72இல் அடர்சிவப்பாக மங்கலாகத் தெரியும், 850இல் இருட்டு.

வெறும் ஃபிலிம் வந்துவிட்டால் முதலில் ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிம் பெயரும் ஃபிரேம் எண்களும் கறுப்பாகத் தெரிந்தால் கழுவியதில் குறை இல்லை, ஒளிதான் ஃபிலிமைச் சேரவில்லை. ஓர எழுத்தும் இல்லாவிட்டால் தப்பு டெவலப்பரில். இந்த ஒரு பார்வை இரண்டாவது ரோலின் காசை மிச்சப்படுத்தும்.

கேமரா மீட்டரை நம்புவது

மீட்டரின் கண்ணும் ஃபிலிமின் கண்ணும் அகச்சிவப்பை ஒரே மாதிரி பார்ப்பதில்லை. ஃபில்டரை மாட்டியபின் மீட்டர் சொல்லும் எண்ணுக்கு மதிப்பில்லை. ஃபில்டர் இல்லாமல் ஐஎஸ்ஓ 6 என்று வைத்து அளந்து, அந்த எண்ணிலேயே எடுங்கள். நல்ல வெயிலில் எஃப்/11இல் 1/15 நொடி அளவில் வரும். அதோடு 1/30, 1/8 இரண்டையும் எடுத்துவையுங்கள். மேக மூட்டத்தில் இந்தக் கணக்கு ஓடாது. ஒளியில் உள்ள அகச்சிவப்பு எவ்வளவு என்பதை எந்த மீட்டரும் சொல்லாது. கேசட்டின் மேல் அச்சிட்ட டிஎக்ஸ் குறியீட்டை வைத்து 400 என்று தானே எடுத்துக்கொள்ளும் கேமராவானால், ஐஎஸ்ஓவைக் கையால் மாற்ற முடிகிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

ஃபோகஸ்

எஸ்எல்ஆரில் ஆர்72 மாட்டினால் வியூஃபைண்டரில் ஏறக்குறைய ஒன்றும் தெரியாது. ட்ரைபாடில் நிறுத்தி, சட்டம் பார்த்து, ஃபோகஸ் செய்து, லென்ஸில் கிடைத்த தூரத்தை, அகச்சிவப்புக்கென்று லென்ஸில் போட்டிருக்கும் சிவப்புப் புள்ளிக்கோ ‘ஆர்’ குறிக்கோ நகர்த்தி, கடைசியாக ஃபில்டரை மாட்டுங்கள். திருகும்போது ஃபோகஸ் வளையமும் சேர்ந்து சுற்றும். ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். குறி இல்லாத லென்ஸில் எஃப்/11 காப்பாற்றும்.

வெளிச்சத்தில் ஃபிலிம் மாட்டுவது

இந்த ஃபிலிமின் அடித்தளம் தெளிந்த பாலியெஸ்டர். கேசட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கில் விழும் ஒளி, அந்த அடித்தளத்துக்குள்ளேயே ஓடி, வெல்வெட் வாயைத் தாண்டி உள்சுற்றுகளைக் கறுப்பாக்கும். முதல் சில ஃபிரேம்களில் ஓரத்திலிருந்து வழியும் கறுப்பு அதுதான். கறுப்பு டப்பாவைத் திறப்பதே சேஞ்சிங் பேகுக்குள் (கைவிட்டு வேலை செய்யும் ஒளி புகாத பை) நடக்கட்டும். படம் எடுத்து முடித்ததும் கேசட்டை அதே டப்பாவில் போட்டுவிடுங்கள்.

துளைகளை எண்ணும் கேமரா

தானே சுற்றும் பல கேமராக்கள் ஃபிலிம் துளைகளை அகச்சிவப்பு விளக்கால் எண்ணுகின்றன. கேனான் ஈஓஎஸ் வரிசையில் பல அப்படி. துளையோரமாக ஒரு கறுப்புப் பட்டை விழும். கையேட்டில் ‘அகச்சிவப்பு ஃபிலிம் கூடாது’ என்றிருந்தால் அதை மீற வேண்டாம். லீவர் வைத்த மெக்கானிக்கல் கேமராவில் இந்தத் தொல்லை இல்லை. 120 ஃபிலிம் போடும் பழைய மடிப்புக் கேமராவானால், பின்பக்கச் சிவப்பு ஜன்னலைக் கறுப்பு டேப்பால் மூடி, சுற்றும்போது மட்டும் நிழலில் திறங்கள்.

நிழலில் மரம்

நீல வானத்தின் ஒளியில் அகச்சிவப்பு மிகக் குறைவு. நிழல் கரியாகத்தான் வரும். வெயில் உங்கள் முதுகில் இருக்கட்டும்.

காற்று

1/15இல் தென்னை ஓலை அசைந்தால் பஞ்சாகிவிடும். காத்திருங்கள்.

ஒளிவட்டம்

எச்ஐஇயில் பளிச்சென்ற இடங்களைச் சுற்றிப் பரவிய மினுமினுப்பு, அதில் பிரதிபலிப்பைத் தடுக்கும் பூச்சு இல்லாததால் வந்தது. இன்றைய ஃபிலிமில் பூச்சு உண்டு. எதிர்பார்க்காதீர்கள்.

கழுவக் கொடுக்கும்போது

உறையின் மேல் ‘கறுப்பு-வெள்ளை, முழு இருட்டு’ என்று எழுதிக் கொடுங்கள். இருட்டறையில் இருட்டிலும் பார்க்க உதவும் அகச்சிவப்புக் கண்ணாடி போட்டு வேலை செய்யும் லேப் வேண்டாம். தவறிப்போய் சி-41இல் (கலர் ஃபிலிம் கழுவும் முறை) போட்டுவிட்டால் வெள்ளியெல்லாம் கரைந்து போகும், படம் மீளாது.